11 ஆயிரம் ஃபாலோயர், 40 லைக்: எங்கே தவறுகிறோம்?

செக்கடி
ஞாயிறு, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு மரச்செக்கு ஆலை இருக்கிறது. இரண்டு செக்கு. கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். ஆலையை அப்பா பார்க்கிறார், ஆன்லைன் விற்பனை என் பொறுப்பு.

போன வருடம் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஓர் ஏஜென்சியிடம் கொடுத்தோம். மாதம் 15,000 ரூபாய், மூன்று மாதம். கொடுக்கும்போது 900 ஃபாலோயர் இருந்தார்கள், திரும்பி வாங்கும்போது 11,400. அப்பாவிடம் காட்டினேன், பக்கத்து ஆலைக்காரரைக் கூப்பிட்டே காட்டினார். ஆனால் இன்றுவரை எதைப் போட்டாலும் 40 லைக் தாண்டுவதில்லை. அதில் ஒரு டஜன் பேர் சொந்தக்காரர்கள். கமெண்ட் என்று வருவது நெருப்புப் பொம்மையும் 'நைஸ் பிக்'கும்தான்.

வாரம் நான்கு பதிவு போடுகிறோம். பாட்டில் படம், எண்ணெயின் மருத்துவ குணங்கள், பண்டிகை வாழ்த்து. அடுத்து ஒரு போட்டி நடத்தலாம் என்று யோசனை: 1 லிட்டர் வாங்கி, மூன்று நண்பர்களை டேக் செய்தால் குலுக்கலில் வெள்ளிக்காசு. இது எடுபடுமா? வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

வெறும்பார்வையாளன்
ஞாயிறு, இரவு 11:05

45 ஆயிரத்துக்கு ஆள் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூலிக்கு ஆள் பிடித்தால் சாப்பிட்டுவிட்டாவது போவார்கள்.

விளம்பரக்காரி
திங்கள், காலை 7:20

தம்பி, சென்னையில் ஏஜென்சிகளில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவள் நான். இப்போது வெளியே வந்துவிட்டேன், அதனால் வெளிப்படையாகவே பேசலாம்.

முதலில் ஒரு வேலை. இன்சைட்ஸில் உங்கள் ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஈரோடு, கோவை, சென்னை என்று வந்தால் பேச்சு ஒரு மாதிரி. முன்பின் கேள்விப்படாத ஊரெல்லாம் வந்தால் பேச்சு வேறு மாதிரி.

இரண்டாவது, கடைசிப் பதிவு ஒன்றின் கணக்கு வேண்டும். எத்தனை பேரைச் சென்றடைந்தது, எத்தனை லைக், கமெண்ட், சேவ், ஷேர்.

குலுக்கலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அதற்கு இங்கே ஒருவர் வருவார் பாருங்கள்.

சட்டப்புள்ளி
திங்கள், காலை 9:48

வந்துவிட்டேன். தம்பி, அந்தக் குலுக்கலைத் தொடவே வேண்டாம்.

பெரிய கம்பெனி விளம்பரங்களில் பொடி எழுத்தில் 'இச்சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம், பொருள் வாங்குகிறவர்களுக்குக் குலுக்கல் முறையில் பரிசு தரும் திட்டங்களைத் தடை செய்யும் 1979ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இங்கே உண்டு. பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று பெயர். அவர்கள் வக்கீல் வைத்துப் பொடி எழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் இருப்பதே தமிழ்நாட்டில், உங்களுக்குப் பொடி எழுத்தும் உதவாது.

அதையே ஃபேஸ்புக்கிலும் போட்டால், 'மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஃபேஸ்புக் விதிப்படி, தன் டைம்லைனில் ஷேர் செய்வதையோ நண்பர்களை இழுப்பதையோ போட்டியில் கலந்துகொள்வதற்கான நிபந்தனையாக வைக்கக்கூடாது. எல்லோரும் வைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, அந்த 'மருத்துவ குணங்கள்' பதிவுகள். மாரடைப்பு வராது, சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும் என்று எதையாவது எழுதியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை சொல்கிறது. எண்ணெய் விற்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

செக்கடி
திங்கள், பிற்பகல் 1:15

சட்டப்புள்ளி சார், ரொம்ப நன்றி. மருத்துவப் பதிவுகள் 23 இருந்தன. ஏஜென்சி எழுதியது. எடுத்துவிட்டேன்.

அக்கா, ஊர்களைப் பார்த்தேன். முதலிடம் ஜகார்த்தா, இரண்டாவது சாவோ பாலோ. ஈரோடு நான்காவது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசிப் பதிவின் கணக்கு: ரீச் 1,900. லைக் 40, கமெண்ட் 6, சேவ் 2, ஷேர் ஒன்றுமில்லை.

விளம்பரக்காரி
திங்கள், இரவு 8:31

நினைத்தேன். உங்கள் அப்பா எண்ணெய் விற்பது ஜகார்த்தாவரைக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 48 பேர் ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள். 11,400ஆல் வகுத்தால் 0.42 சதவீதம். பதிவைக் கண்ணால் பார்த்த 1,900ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். பார்த்தவர்கள் அவ்வளவு மோசமாக நடந்துகொள்ளவில்லை. பார்க்கவே போகாத ஆயிரக்கணக்கான கணக்குகளை வகுக்கும் எண்ணில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அந்த 900 பேர் இருந்த காலத்தில்தான் உங்கள் பக்கம் ஆரோக்கியமாக இருந்தது என்று அடித்துச் சொல்வேன்.

காசு கொடுத்து வாங்கிய போலி ஃபாலோயரால் தொல்லை என்னவென்றால், பதிவு போட்டதும் இன்ஸ்டாகிராம் அதை முதலில் உங்களைப் பின்தொடர்கிறவர்களில் ஒரு பகுதிக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் நின்று பார்த்தால், யாருக்காவது அனுப்பினால், இன்னும் கொஞ்சம் பேருக்குப் போகும். அந்த முதல் வட்டத்தில் பாதிப் பேர் பொம்மை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். முடிந்தவரை அவர்களை நீக்குங்கள். எரிச்சலான வேலைதான், ஓய்வு நேரத்தில் தினம் ஐம்பது பேராகத் தூக்குங்கள்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார்: முக்கியமாகப் பார்ப்பது மூன்று. எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள். உங்களைத் தெரியாத புது ஆட்களிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் அந்த அனுப்புதலுக்குத்தான் கனம் அதிகம். இப்போது யோசித்துப் பாருங்கள். லோகோ ஒட்டிய பொங்கல் வாழ்த்தை யார் யாருக்கு அனுப்புவார்கள்? பாட்டில் படத்தை?

'லைக் போடுங்க, டேக் பண்ணுங்க' என்று கெஞ்சும் பதிவுகளை ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே கீழே தள்ள ஆரம்பித்துவிட்டது. அடுத்த மாதமே, நண்பர்களும் குடும்பத்தினரும் பேசிக்கொள்கிற பதிவுகளுக்கு முன்னுரிமை என்று சொல்லி கம்பெனிப் பக்கங்களின் ரீச்சைக் குறைத்தார்கள். இன்னும் நம் ஊரில் 2015 பாணியில் 'ஆம் என்றால் லைக், இல்லை என்றால் ஷேர்' போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கேள்வி: உங்கள் டிஎம்மில், அதாவது தனிச்செய்தியில், 'கோரிக்கைகள்' என்று ஒரு பெட்டி தனியாக இருக்கும். அதை எப்போதாவது திறந்தீர்களா?

போர்வைக்கடை
செவ்வாய், காலை 6:50

சென்னிமலையில் போர்வை, ஜமுக்காளம் விற்கிறேன். தம்பிக்கு அனுபவத்தில் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். பதிவில் விலையைப் போடாதீர்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்று போடுங்கள். ஒவ்வொருவரும் விலை என்ன, விலை என்ன என்று கமெண்ட் போடுவார்கள். கமெண்ட் ஏறினால் ரீச் ஏறும். எனக்கு ஒரு பதிவுக்கு 150 கமெண்ட் குறையாமல் வருகிறது.

இட்லிப்பொடி
செவ்வாய், காலை 7:12

போர்வைக்கடை அண்ணா, அந்த 150 பேரில் ஒருத்தியாக நான் இருந்திருக்கிறேன். உங்கள் கடையில் இல்லை, வேறு கடையில். புடவை விலை கேட்டேன். 'டிஎம்மைப் பாருங்கள் அன்பே' என்று பதில். டிஎம்மில் ஒரு வாட்சப் நம்பர். வாட்சப்பில் போனால் கேட்லாக். அதைத் திறந்து விலையைக் கண்டுபிடிப்பதற்குள் புடவை ஆசையே போய்விட்டது.

கடைக்கு வந்தவளிடம் விலை சொல்லாமல் உள்ளே வா, மாடிக்கு வா என்றால் சந்தேகம்தான் வரும். அவள் வாங்க வந்தவள், உங்கள் கமெண்ட் எண்ணிக்கையை ஏற்ற வந்தவள் இல்லை.

போர்வைக்கடை
செவ்வாய், காலை 7:40

விலையைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரன் பத்து ரூபாய் குறைத்துப் போடுகிறானே அம்மா. அதற்கு என்ன செய்வது?

இட்லிப்பொடி
செவ்வாய், காலை 7:44

அவன் கமெண்ட் போட்டுக் கேட்டாலும் நீங்கள் சொல்லத்தானே போகிறீர்கள்?

போர்வைக்கடை
செவ்வாய், காலை 8:03

அதுவும் சரிதான். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த இழையில் யாரும் பேசவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் தறி ஓடுகிற வீடியோ ஒன்று 8 லட்சம் வியூ போனது. சத்தம் நன்றாக இருந்தது என்று வடநாட்டில் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஆர்டர் எத்தனை தெரியுமா? நான்கு. அதில் ஒன்று திரும்பி வந்தது. அதே வாரம் வாட்சப் பிராட்காஸ்டில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வசதியில், 200 பேருக்குப் புது டிசைன் அனுப்பினேன், 61 போர்வை போனது. லைக், கமெண்ட், ஷேர் என்று இந்த என்கேஜ்மென்ட்டுக்காக உயிரை விடுகிறோம், கல்லாவில் அது விழுவதில்லை.

விளம்பரக்காரி
செவ்வாய், காலை 10:26

போர்வைக்கடை சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். அந்த 200 பேரும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்கள். சேமிக்காதவருக்கு பிராட்காஸ்ட் போய்ச் சேராது, ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. போர்வைக்காரர் நம்பரைச் சேமித்து வைக்கிற அளவுக்கு 200 பேர் உங்களோடு பழகியிருக்கிறார்கள். என்கேஜ்மென்ட் என்றால் அதுதான். 8 லட்சம் வியூ என்பது திருவிழாவில் கடையைத் தாண்டிப் போன கூட்டம்.

அதனால் தம்பி செக்கடிக்கு இலக்கு 11 ஆயிரத்தை 20 ஆயிரம் ஆக்குவதாக இருக்கவே கூடாது. திரும்பத் திரும்பப் பேசுகிற 300 பேர் கிடைத்தால் இரண்டு செக்குக்கு அது தாராளம்.

வெறும்பார்வையாளன்
செவ்வாய், பிற்பகல் 12:10

எனக்கு ஒரு சந்தேகம். பெரிய பிராண்டுகள் எல்லாம் ட்விட்டரில் நக்கலாகப் பேசிப் பேசித்தானே பெயர் வாங்குகின்றன? அந்த அமெரிக்க பர்கர் கடை, சிக்கன் நக்கெட் கதை. செக்கடியும் அந்த மாதிரி ஏதாவது செய்யலாமே.

விளம்பரக்காரி
செவ்வாய், பிற்பகல் 2:47

வெண்டீஸ் கதையைச் சொல்கிறீர்கள். 2017 ஏப்ரல். ஒரு பையன், வருடம் முழுக்க இலவசமாக நக்கெட் வேண்டுமென்றால் எத்தனை ரீட்வீட் வேண்டும் என்று கேட்டான். 1 கோடியே 80 லட்சம் என்று பதில் வந்தது. பையன் விடவில்லை, ஊரையே கேட்டான். ஏறக்குறைய 34 லட்சம் ரீட்வீட் வந்து, 2014 ஆஸ்கர் மேடையில் நடிகர்கள் கூட்டமாக எடுத்த செல்பியின் சாதனையை முறியடித்தது. கேட்ட எண்ணில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை, ஆனாலும் நக்கெட் கொடுத்தார்கள், தத்தெடுப்புக்கான ஓர் அறக்கட்டளைக்கு 1 லட்சம் டாலரும் கொடுத்தார்கள்.

எல்லோரும் இதில் நக்கலைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஊர் பேர் தெரியாத ஒரு பையன் கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பதில் போட்டார். செலவில்லாத ஒற்றை வரி. எத்தனை பிராண்டுகளுக்கு அப்படிக் கேள்வி வருகிறது, எத்தனை பேர் பதில் போடுகிறார்கள்?

நக்கலைக் காப்பியடித்தவர்கள் நிறையப் பேர், உருப்பட்டவர்கள் குறைவு. 2013இல் சூப்பர் பவுல் என்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி நடுவே மைதானத்தில் கரன்ட் போனதும், இருட்டிலும் முக்கிச் சாப்பிடலாம் என்று ஓரியோ பிஸ்கட் கம்பெனி ஒரு ட்வீட் போட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் எல்லா கிளையன்ட்டும் 'எங்களுக்கும் ஓர் ஓரியோ தருணம் வேண்டும்' என்று வந்து நின்றார்கள். சிமென்ட் கம்பெனிகூட வந்தது.

நாளுக்கு நாள் நடப்பதைப் பற்றிப் பேசிப் பேர் வாங்கியது என்றால் நம் நாட்டில் அமுல்தான். அந்தப் புள்ளிப் பாவாடைச் சிறுமி 1966இலிருந்து அதே கண், அதே சிலேடை. இன்டர்நெட் வருவதற்கு முப்பது வருடம் முன்னாலிருந்தே தெருமுனை விளம்பரப் பலகையில் அதைச் செய்தார்கள். ஒரே குரலில் அறுபது வருடம் பேச முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் எண்ணெயைப் பற்றிப் பேசுங்கள்.

இட்லிப்பொடி
செவ்வாய், மாலை 4:30

அப்போது வாடிக்கையாளர்களையே பேச வைத்தால் என்ன? 'உங்கள் வீட்டு எண்ணெய்க் கதை சொல்லுங்கள்' என்று ஒரு ஹேஷ்டேக்?

விளம்பரக்காரி
செவ்வாய், மாலை 5:02

நல்ல யோசனை மாதிரித் தெரியும், கையைச் சுடும். 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் காசு கொடுத்து 'மெக்டீஸ்டோரீஸ்' என்று ஒரு ஹேஷ்டேக்கை ஏற்றியது. கதை கேட்டார்கள், ஜனங்களும் சொன்னார்கள். சாப்பிட்டு வயிறு கெட்ட கதை, சாப்பாட்டில் என்னென்னவோ கிடந்த கதை. இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரத்தை இழுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து நியூயார்க் போலீஸ், எங்களோடு எடுத்த படத்தைப் போடுங்கள் என்று கேட்டு அடிதடிப் படங்களாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

பெயரே இல்லாத இடத்தில் கதை கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்ட பெயர் இருக்கும் இடத்தில் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். எண்ணெய் மாதிரிப் பொருளில், யாருக்கும் தெரிந்த சின்ன விஷயமாகக் கேளுங்கள். 'உங்கள் வீட்டில் பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெயா, நெய்யா?' என்று ஸ்டோரியில் ஒரு வாக்கெடுப்பு வைத்தால் போதும், குடும்பமே சண்டைக்கு வரும்.

செக்கடி
செவ்வாய், இரவு 11:38

அக்கா, கோரிக்கைப் பெட்டியைத் திறந்தேன்.

63 மெசேஜ். பழையது ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தது. ஏஜென்சி தொடவே இல்லை, எனக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. பாதி குப்பை. மீதியில் இருந்தவற்றைச் சொல்கிறேன்:

கடலை எண்ணெயில் வடை சுட்டால் நுரை பொங்கி வழிகிறதே, கலப்படமா?

தேங்காய் எண்ணெய் கெட்டியாகிவிட்டது, மெழுகு கலந்திருக்கிறீர்களா? (இவர் பெங்களூரிலிருந்து, டிசம்பரில் கேட்டிருக்கிறார்.)

பாட்டில் அடியில் கசடு நிற்கிறது, வடிகட்டலாமா?

கடையில் 1 லிட்டர் அந்த விலைக்குக் கிடைக்கும்போது உங்களிடம் ஏன் இவ்வளவு?

ஒருவர் வாங்கிவிட்டு, சிக்கு வாடை அடிக்கிறது என்று எழுதி, பதில் வராததால் இரண்டாவது முறை எழுதி, மூன்றாவது முறை திட்டியிருக்கிறார். நியாயமான திட்டு.

படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

விளம்பரக்காரி
புதன், காலை 6:15

தம்பி, ஏழு மாதமாக என்கேஜ்மென்ட் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நீங்கள் உள்ளே உட்கார்ந்து பொங்கல் வாழ்த்து டிசைன் செய்துகொண்டிருந்தீர்கள்.

இன்றைக்கு முதல் வேலை சிக்கு வாடைக்காரர். மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். மற்றவர்களுக்கு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில். ஒரே பதிலை வெட்டி ஒட்டாதீர்கள்.

பிறகு, அந்தக் கேள்விகளே உங்கள் அடுத்த இருபது ரீல். நுரை ஏன் வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

செக்கடி
புதன், காலை 6:52

எனக்குப் பாதி தெரியும். அப்பாவுக்கு முழுக்கத் தெரியும். சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் பசைச் சத்தும் தங்கிவிடும், ரீபைண்டு செய்யும்போது அவை போய்விடும், அதனால்தான் செக்கெண்ணெய் நுரைக்கிறது என்பார். வடை மாவில் தண்ணீர் அதிகம் இருந்தாலும் பொங்கும். கொஞ்சமாக ஊற்றி, தீயைக் குறைத்துச் சுட வேண்டும். விலைக்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது. 1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகிறது. அன்றைய பருப்பு விலையை எழுதி, புண்ணாக்குக்குக் கிடைக்கும் காசைக் கழித்துக் காட்டினால் யாருக்கும் புரியும்.

ஆனால் அப்பா கேமரா முன்னால் பேச மாட்டார். பேசினாலும் சுத்தமாக எங்கள் ஊர்ப் பேச்சு. ஏஜென்சி ஒரு முறை வந்தபோது, சென்னைக் குரலில் வாய்ஸ் ஓவர் வைக்கலாம், இது பிரீமியமாக இருக்காது என்று சொன்னார்கள்.

இட்லிப்பொடி
புதன், காலை 7:05

ஐயோ, அந்தப் பேச்சைத்தான் தம்பி வைக்க வேண்டும்! நான் மதுரைக்காரி. 'ஏனுங்' என்று ஒருவர் கூப்பிட்டாலே இரண்டு நிமிடம் நின்று கேட்பேன்.

விளம்பரக்காரி
புதன், காலை 7:30

கேமராவைப் பார்த்துப் பேச வேண்டாம். அவர் வேலை செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வியைக் கேளுங்கள், அவர் உங்களுக்குப் பதில் சொல்லட்டும். போனை மூட்டை மேல் சாய்த்து வையுங்கள். பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டாம், வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. செக்குச் சத்தமே போதும்.

சட்டப்புள்ளி
புதன், காலை 9:15

இன்னொன்று. யாராவது யூடியூபருக்கு எண்ணெய் இலவசமாக அனுப்பிப் பேச வைத்தால், அது விளம்பரம் என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். காசு கொடுத்தால்தான் என்று இல்லை, பொருள் கொடுத்தாலும் அப்படித்தான். மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் போகலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

வெறும்பார்வையாளன்
புதன், காலை 9:20

சார் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

செக்கடி
24 நாள் கழித்து, சனி, இரவு 9:55

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நடந்ததைச் சொல்ல வந்தேன்.

சிக்கு வாடைக்காரருக்குப் போன் செய்தேன். ஐந்து நிமிடம் திட்டினார், கேட்டுக்கொண்டேன். பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருந்திருக்கிறார். அதைச் சொல்லவில்லை, முதலில் புது பாட்டில் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த பிறகு அப்பா பேசினார், எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். பதிவின் கீழே அந்த வாடிக்கையாளர் போட்டிருந்த கமெண்ட்டை அவர் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. இப்போது அதன் கீழேயே நான்கு பேர், எண்ணெயை எத்தனை மாதம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

நுரை ரீல் போட்டோம். 50 நொடி. அப்பா நிலக்கடலைப் பருப்பை அள்ளிக்கொண்டே பேசுகிறார், நடுவில் யாரையோ 'மூட்டைய அங்க போடாத' என்று அதட்டுகிறார், அதை வெட்டவில்லை. லைக் 190தான். ஆனால் சேவ் 340, ஷேர் 410. லைக்கைவிட ஷேர் அதிகம், இப்படி நான் பார்த்ததே இல்லை. மாமியாருக்கு அனுப்பினேன், அம்மாவுக்கு அனுப்பினேன் என்று கமெண்ட்.

தேங்காய் எண்ணெய் ரீல் ஊத்திக்கொண்டது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்று நானே பேசினேன், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. விலைக் கணக்கு ரீலுக்கு ஒரே சண்டை. பருப்பு விலை எங்கள் ஊரில் இதைவிடக் குறைவு என்று திருவண்ணாமலை விவசாயி ஒருவர் வந்தார். அப்பா அவர் நம்பரை வாங்கிப் பேசி, அடுத்த லோடு அவரிடம் எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இது எந்த கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

ஃபாலோயர் 11,400லிருந்து 7,900. நீக்கிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து ஆலைக்காரர் என்னப்பா குறைந்துவிட்டது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார், அப்பாவுக்கு முகம் கொஞ்சம் சுண்டிவிட்டது. ஆர்டர் இந்த மாதம் 38. போன மாதம் 21. பெரிய எண்ணிக்கை இல்லை, ஆனால் 38இல் 11 பேர் இரண்டாவது முறை வாங்குகிறவர்கள்.

போர்வைக்கடை
சனி, இரவு 10:20

தம்பி, அந்த 11ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் நம்பரையெல்லாம் கேட்டுத் தனிப் பட்டியல் போடுங்கள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பாதீர்கள், தினம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். நான் அடி வாங்கிக் கற்றது.

இன்னொன்று, நானும் விலையைப் போட ஆரம்பித்துவிட்டேன். கமெண்ட் 150லிருந்து 30க்கு இறங்கிவிட்டது. இட்லிப்பொடி அம்மா மேல் கோபமாக இருக்கிறேன்.

இட்லிப்பொடி
சனி, இரவு 10:31

போர்வை எத்தனை போனது, அதைச் சொல்லுங்கள்.

போர்வைக்கடை
சனி, இரவு 10:33

முன்னே போன அளவுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து விலை டைப் செய்கிற வேலை மிச்சம்.

விளம்பரக்காரி
சனி, இரவு 11:10

செக்கடி, அடுத்த ரீலிலும் நீங்கள் பேச வேண்டாம். உங்களுக்குக் கேள்வி கேட்கிற வேலை மட்டும்தான். கமெண்ட்டுக்குப் பதில் போடுவதை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், என்னைப் போல யாராவது வந்து கேட்டாலும்.

வெறும்பார்வையாளன்
ஞாயிறு, காலை 8:02

இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வேண்டும். நம்பர் போடுங்கள்.

நெறியாளர்
ஞாயிறு, காலை 8:40

இழையில் போன் நம்பர் பகிர வேண்டாம். தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள்.

போர்வைக்கடை
ஞாயிறு, காலை 9:05

தம்பி, வீட்டில் கேட்கச் சொன்னார்கள். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறீர்களே, அது எதற்கு? இனிப்புக்கா?

செக்கடி
ஞாயிறு, காலை 9:30

அண்ணா, அதை நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு எள் ஆட்டுகிறோம். மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டுவிடுகிறேன்.